எனக்கு நீச்சல் தெரியாது

"காலை உள்ள விடு" என்றான் ஹரீஷ்.

படகுக்குள் ஒரு ஜோடி ஷூ இருந்தது. யாரும் கழற்றி வைத்துவிட்டுப் போனதல்ல. படகின் அடியில் ஒரு பலகை. அந்தப் பலகையோடு சேர்த்துத் திருகாணி போட்டு முடுக்கிய ஷூ. உள்ளே ஈரமாக இருந்தது. எனக்கு முன்னால் அதில் கால் விட்ட எல்லாருடைய வாடையும் இருந்தது. விரல்களை நுழைத்தேன். குதிகால் ஆடியது.

ஹரீஷ் படகுத்துறையில் மண்டிபோட்டுக் குனிந்து, வெல்க்ரோ பட்டையை இழுத்து இறுக்கி ஒட்டினான். வலது கால். அப்புறம் இடது கால்.

"ஒண்ணும் ஆகாது. ஆடாம உக்காரு."

அவன் எங்கள் துடுப்புச் சங்கத்தின் கேப்டன். கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த அண்ணா நகர் பையன். நான் முதல் வருஷம். பழவேற்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்திலிருந்து வந்தவள்.

அந்தப் படகில் போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். போகிற இடம் தெரியாது. விட்டு வந்த கரைதான் தெரியும். என் இரண்டு கால்களும் படகோடு கட்டப்பட்டிருந்தன. படகுக்கு அடியில் ஓர் ஏரி முழுக்கத் தண்ணீர்.

எனக்கு நீச்சல் தெரியாது.

எங்கள் ஊரில் தீவுக்கு ஆட்டைப் படகில் ஏற்றிப் போவார்கள். ஆட்டுக்குக்கூடக் காலைக் கட்ட மாட்டார்கள். கவிழ்ந்தால் அது பாட்டுக்கு நடந்து கரையேறட்டும் என்று விட்டுவிடுவார்கள். என்னைக் கட்டிவிட்டார்கள்.

பானை வாங்கப் போன குயவன்

இந்தத் தொடரில் போன வாரம் நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த கதையை எழுதினேன். கடைசியில் துடுப்புச் சங்கத்தில் சேர்ந்ததாகவும் ஒரு வரி எழுதியிருந்தேன். ஒரு வாசகர் கேட்கிறார்: மீனவர் வீட்டுப் பெண் துடுப்புப் போடக் கற்றுக்கொள்ளப் பல்கலைக்கழகத்துக்குப் போனது, குயவன் பானை வாங்கக் கடைக்குப் போன மாதிரி இல்லையா?

ஐயா, நன்றாகச் சிரித்திருப்பீர்கள். இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள்.

எங்கள் உப்பங்கழியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை போடலாம் என்று ஊர் கூடி முறை வைக்கும். நல்ல முறைதான். அடிதடி இல்லை, பெரியவன் சின்னவன் இல்லை, எல்லா வீட்டுக்கும் ஒருநாள் நல்ல இடம் கிடைக்கும். ஆனால் பாடு ஆணுக்குத்தான். பெண்ணுக்குக் கிடையாது. பாடு இல்லாதவளுக்குப் படகு எதற்கு? படகு இல்லாதவளுக்குத் தள்ளுகோல் எதற்கு? தண்ணீருக்குள் வேலையே இல்லாதவளுக்கு நீச்சல் எதற்கு? இப்படி ஒன்றிலிருந்து ஒன்றாக வெட்டிக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுவது நான்.

என் தம்பி அரைக்கால் டவுசரோடு படகின் நுனியில் நின்று கோல் போடுவான். நான் ஒருதடவை அந்தக் கோலைத் தொட்டேன். "ஏய், வையி. பொம்பள தொட்டா எறா வராது" என்றான். இறாலைத்தான் சொல்கிறான். அவனுக்கு அப்போது மூக்கைச் சிந்தத் தெரியாது. என் அப்பா, நாங்கள் நைனா என்போம், அவனை அதட்டவில்லை. என் கையிலிருந்து கோலை மெதுவாக வாங்கி அவனிடம் கொடுத்தார். அதட்டியிருந்தால் மறந்திருப்பேன். மெதுவாக வாங்கினாரே, அதுதான் மறக்கவில்லை.

அம்மா மீன் கூடையை விட்டுவிட்டுக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். விடியும் முன் வேன் வந்து கூட்டிப் போகும். தண்ணீரை நம்ப வேண்டாம், படிப்பை நம்பு என்று அவள்தான் என்னைப் பிடித்துத் தள்ளினாள்.

ஊத்துக்கோட்டை சாலையில் இருக்கிறது நான் படித்த பல்கலைக்கழகம். பின்னால் பெரிய ஏரி. முதல் வாரத்தில் ஒவ்வொரு சங்கத்துக்காரர்களும் மைதானத்தில் மேசை போட்டு ஆள் பிடித்தார்கள். நாடகம், போட்டோ, கிரிக்கெட். ஒரு மேசையில் மஞ்சள் பூசிய நீளத் துடுப்பைச் சாய்த்து வைத்திருந்தார்கள். போட்டிக்குப் போகிற சங்கம் இல்லை. சனிக்கிழமை காலையில் ஆசைக்கு ஓட்டுகிற சங்கம் என்றார்கள்.

நான் அந்தத் துடுப்பைத் தொட்டேன். யாரும் "வையி" என்று சொல்லவில்லை.

அதற்காகத்தான் சேர்ந்தேன். வேறு காரணம் கிடையாது.

மூன்று முறை

சங்கத்தில் ஒரு விதி இருந்தது. புதிதாகச் சேர்ந்தவர்கள் கரையோரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் மிதந்து காட்ட வேண்டும். மிதந்தவர்கள் நீளப் படகில் ஏறலாம். மிதக்காதவர்கள் ஆரஞ்சு ஜாக்கெட் போட்டுக்கொண்டு, கரையை ஒட்டியே போகும் குட்டைப் படகில் பழக வேண்டும். நல்ல விதி. அதில் எனக்குக் குறை இல்லை.

என் முறை வந்தது. "அண்ணா, எனுக்கு நீச்சல் தெரியாது" என்றேன்.

"எந்த ஊரு நீ?" என்றான் ஹரீஷ்.

"பழவேற்காட்டாண்ட."

"அங்க என்ன பண்றாங்க வீட்ல?"

"நைனா மீன் புடிக்கிறாரு."

அவ்வளவுதான். வரிசை முழுக்கச் சிரிப்பு. "டேய், மீன் குஞ்சுக்கு நீச்சல் டெஸ்ட் வெக்கறீங்களேடா!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். ஹரீஷும் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. என்னைப் பாராட்டுவதாக நினைத்துச் சிரித்தான். "தன்னடக்கம் எல்லாம் இங்க வேணாம்மா. நீ அந்தப் பக்கம் போ. நெக்ஸ்ட்!" மிதந்து முடித்தவர்கள் நின்ற பக்கம் கையைக் காட்டினான்.

நான் மீன் குஞ்சு இல்லை. மீன் பிடிக்கிறவரின் மகள். இரண்டும் ஒன்றில்லை. இதை எழுதும்போதுகூடக் கோபம் வருகிறது.

இரண்டாவது முறை, நீளப் படகில் ஏற்றுவதற்கு முன்னால் ஜாக்கெட் கேட்டேன்.

"அது நீச்சல் தெரியாதவங்களுக்கு."

"அதத்தான் சொல்லிக்கினு இருக்கேன். எனுக்குத் தெரியாது."

ஹரீஷ் திரும்பி, அந்தப் பக்கம் நின்ற மற்றவர்களைக் கூப்பிட்டான். "இங்க வாங்கடா, பழவேற்காட்டுப் பொண்ணு ஜாக்கெட் கேக்குது!" அவர்கள் வந்தார்கள். மறுபடி சிரிப்பு. ஒருத்தி என் தோளில் தட்டி, "சூப்பர் காமெடி நீ" என்றாள்.

மூன்றாவது முறை நான் சொல்லவில்லை. நம்பாதவனிடம் திரும்பத் திரும்பக் கேட்க அது என்ன பிச்சையா?

இன்னொன்றும் இருந்தது. அவர்கள் எனக்குக் கொடுத்த இடம், பின்முனையில் சுக்கான் பிடிக்கும் கேப்டனுக்கு நேர் எதிரில் இருக்கும் இடம். மற்ற மூன்று பேரும் என் துடுப்பின் வேகத்தைப் பார்த்துத்தான் போட வேண்டும். அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது. குட்டைப் படகுக்குப் போய்விட்டால் அது போய்விடும். ஆக, பயம் ஒரு பக்கம், ஆசை ஒரு பக்கம். சனிக்கிழமை காலையில் சோறு இறங்காது.

கட்டில் காலில் கட்டிய துண்டு

ஷூவிலிருந்து காலை உருவுவதற்கு ஒரு வழி இருக்கிறது. இரண்டு பட்டைகளையும் ஒரு கயிறு சேர்க்கும். அதைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தால் இரண்டும் பிரியும். ஹரீஷ் ஒருதடவை காட்டினான். எனக்கு ஒருதடவை போதவில்லை.

விடுதி அறையில் தரையில் உட்கார்ந்து, துண்டால் இரண்டு கால்களையும் கட்டில் காலோடு சுருக்குப் போட்டுக் கட்டுவேன். கண்ணை மூடி, மூச்சை அடக்கிக்கொள்வேன். தலைகீழாகக் கிடப்பதாக நினைத்துக்கொண்டு இழுப்பேன். சில சமயம் பிரியும். சில சமயம் முடிச்சு விழுந்துவிடும். முடிச்சு விழுந்தால் நான் செத்தேன் என்று கணக்கு.

என் அறைத்தோழி ஷெரின். வேப்பம்பட்டுப் பெண். அவளும் அதே படகில், எனக்குப் பின்னால் உட்காருகிறவள். ஒருநாள் மத்தியானம் கையில் பஜ்ஜிப் பொட்டலத்தோடு உள்ளே வந்தவள் என்னைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இன்னாடி இது? கல்யாணம் ஆவறதுக்கு முன்னாடியே கால்கட்டா?"

"ப்ராக்டீஸு."

"கட்டறதுக்கா?"

"அவுக்கறதுக்கு."

"பேஜாரு புடிச்சவடி நீ. இந்தா, பஜ்ஜி ஆறுது."

தின்றோம். எண்ணெய்க் கையைத் தாளில் துடைத்துக்கொண்டே அவள் கேட்டாள். "ஏய், நெஜமாவே உனுக்கு நீச்சல் தெரியாதா?"

"உங்க கேப்டன கேளு. என்னைவிட அவனுக்குத்தான் நல்லா தெரியும்."

ஷெரின் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி என் காலில் கிடந்த துண்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

தட்டினால் இறங்கு

இங்கே எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் நான் செய்தது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும்.

உப்பங்கழியில் ஆழம் குறைவு. பாதி இடங்களில் இடுப்பளவு, கோடையில் முழங்காலளவு. படகு நாளைக்கு நாலு தடவையாவது சேற்றில் தட்டும். தட்டியதும் யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள். வேட்டியோ பாவாடையோ, தூக்கிச் செருகிக்கொண்டு உடனே குதித்துவிட வேண்டும். ஆள் இறங்கினால் படகு லேசாகும். தோளைக் கொடுத்துத் தள்ளினால் நகரும். யாராவது உட்கார்ந்தே இருந்தால், "எறங்கேன், நீ இன்னா மவராணியா?" என்று நாலு பேர் கேட்பார்கள்.

கோல் தொடக்கூடாத எங்களுக்குப் படகில் இருந்த ஒரே வேலை இதுதான். தட்டினால் இறங்கு. தள்ளு. அதில் நான் கெட்டிக்காரி. சின்ன வயதில் தம்பிக்கு முன்னால் குதித்துவிடுவேன். யோசித்துச் செய்வதில்லை. கண்ணில் தூசி விழுந்தால் இமை மூடுகிற மாதிரி. படகின் அடி தரையில் உரசுகிற அந்தச் சத்தம் கேட்டால் என் கால் தானாக வெளியே போய்விடும்.

நான் தண்ணீருக்குப் பயந்தவள் என்று சொன்னேன். ஆனால் படகு தட்டிய தண்ணீருக்கு எங்கள் ஊரில் யாரும் பயப்பட மாட்டோம். தட்டிவிட்டது என்றால் கீழே தரை இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

மேடு

கார்த்திகை மாதம். நல்ல மழை பெய்து ஏரி நிரம்பியிருந்தது. தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. வழக்கமாகப் போகும் பக்கம் பாசி அடைத்திருந்ததால், ஹரீஷ் படகை ஏரியின் கிழக்குப் பக்கமாக விட்டான். அவன் பின்முனையில் எங்களைப் பார்த்து உட்கார்ந்து சுக்கான் கயிற்றைப் பிடித்திருந்தான். சங்கத்தின் பயிற்சியாளர் ஐயா இயந்திரப் படகில் தூரத்தில் குட்டைப் படகுக்காரர்களோடு இருந்தார். ஜாக்கெட்டுகளும் அங்கேதான் இருந்தன.

அந்தக் கிழக்குப் பக்கம் சில வருஷங்களுக்கு முன்னால் சவுடு மண் அள்ளிய இடம். பொக்லைன் வைத்து, லாரி லாரியாக அள்ளி, அங்கங்கே வரப்பு மாதிரி மேட்டை விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் கிணறு மாதிரி நோண்டிவிட்டுப் போயிருந்தார்கள். அந்த மண்ணை எங்கே கொட்டினார்கள்? கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிய ஷெட் கட்டத் தாழ்வான நிலத்தை எல்லாம் மேடாக்கினார்கள். இன்று நான் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்க்கும் கம்பெனித் தரைக்குக் கீழேயும் அந்த மாதிரி ஏதோ ஓர் ஏரியின் மண்தான் கிடக்கிறது. ஏரி நிரம்பிவிட்டால் மேல் பக்கம் எல்லாம் ஒரே மட்டம். பள்ளம் வெளியே தெரியாது.

படகு சர்ரென்று உரசி நின்றது.

அந்தச் சத்தம். நான் குனிந்து பார்த்தேன். தண்ணீருக்கு அடியில், கைக்கெட்டும் ஆழத்தில், புல் முளைத்த மண் தெரிந்தது. ஹரீஷ் "எல்லாரும் அப்படியே உக்காருங்க" என்று சொன்னான் என்று பிறகு சொன்னார்கள். என் காதில் விழவில்லை. கயிற்றை இழுத்தேன். பட்டைகள் பிரிந்தன. கட்டிலில் பழகியது வீண்போகவில்லை. ஒரு காலை வெளியே வைத்தேன். தரை இருந்தது. அடுத்த காலையும் எடுத்து வைத்துப் படகின் விளிம்பைத் தள்ளினேன். படகு நகர்ந்தது. கையிலிருந்து நழுவிப் போனது. அதோடு போக ஓர் அடி எடுத்து வைத்தேன்.

அங்கே ஒன்றும் இல்லை.

எங்கள் தண்ணீர் உப்பாக இருக்கும். இது உப்பில்லாத தண்ணீர். அழுகிய தழை ருசி. வாய் நிறைய, மூக்கு நிறைய. கண்ணைத் திறந்தால் ஒரே பழுப்பு. காலால் தேடினேன். பக்கத்திலேயே சுவர் மாதிரி மண் இருந்தது. தொட்டால் கரைந்து கையோடு வந்தது. தலை ஒருதடவை மேலே வந்தது. அப்போது ஒரு சத்தம் கேட்டது.

சிரிக்கிறார்கள்.

"பாருடா, மீனு தண்ணிக்குத் திரும்பிடுச்சு!" ஹரீஷின் குரல். நான் வித்தை காட்டுகிறேன் என்று நினைத்தார்கள். மூழ்கிப் போய் அந்தப் பக்கம் எழுவேன் என்று காத்திருந்தார்கள். செத்துக்கொண்டிருக்கும்போது நம்மைப் பார்த்து யாராவது சிரிப்பதைக் கேட்டிருக்கிறீர்களா? கேட்காமலே இருங்கள்.

மறுபடி உள்ளே போனேன். மறுபடி வந்தபோது ஷெரினின் குரல் மட்டும் தனியாக, கிறீச்சென்று வந்தது. "அய்யோ, அவளுக்குத் தெரியாதுடா! நெஜமாவே தெரியாதுடா!"

ஏதோ ஒன்று என் நெற்றியில் பலமாக இடித்தது. மஞ்சள். துடுப்பின் அகலமான நுனி. ஷெரின் தன் துடுப்பைச் சுழற்றி என் பக்கம் வீசியிருந்தாள். வலி தெரியவில்லை. இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டேன். யார் "வையி" என்று சொன்னாலும் அன்றைக்கு வைத்திருக்க மாட்டேன்.

கரையில்

கரையில் குப்புறக் கிடந்து ஏரியை வாந்தி எடுத்தேன். புருவத்துக்கு மேலே கிழிந்து ரத்தம் வழிந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. ஷெரின் தன் துப்பட்டாவை வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள்.

"மண்டைய ஒடச்சிட்டேனேடி."

"ஒடச்ச வரைக்கும் நல்லது. வாய மூடிக்கினு அழுத்து."

ஹரீஷ் என் முன்னால் மண்டிபோட்டான். முகத்தில் ரத்தமே இல்லை. "ஏன் சொல்லல? ஏன் எங்கிட்ட நீ சொல்லல?"

"சொன்னேன்."

"சீரியஸா சொல்லல நீ."

"எப்படிச் சொல்லணும்? மைக் வெச்சா?"

"இல்ல... மீனவங்கன்னா..."

"மீனவங்கன்னா இன்னா? செவுளு வெச்சிக்கினா பொறக்கறோம்?"

அவன் அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். அந்த அழுகையைப் பார்த்து எனக்கு இரக்கம் வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். வரவில்லை.

பயிற்சியாளர் ஐயா அன்றைக்குச் சங்கத்தை மூடினார். கேப்டன் உள்பட எல்லாரும் மறுபடி மிதந்து காட்ட வேண்டும், எந்த ஊர்க்காரருக்கும் விலக்கு இல்லை என்றார். என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "வீட்லேர்ந்து ஒருத்தர வரச் சொல்லும்மா. அவங்க வந்து சரின்னு சொன்னாத்தான் நீ இனிமே படகுல கால் வெக்கலாம்."

எனக்குத் தண்ணீருக்குள் வந்ததைவிடப் பெரிய பயம் அப்போது வந்தது. நைனா வருவார். நெற்றியைப் பார்ப்பார். படகு மட்டும் இல்லை, படிப்பே போகும். "பொட்டிய எடு" என்ற ஒரு வார்த்தை போதும். அவர் உரக்கச் சொல்ல மாட்டார். அன்றைக்குக் கோலை வாங்கினாரே, அதே மாதிரி மெதுவாக வாங்கிக்கொள்வார்.

நைனா வந்தார்

பொன்னேரியில் ஒரு பஸ், எங்கள் மாவட்டத்து ஆரணியில் ஒரு பஸ், கடைசியில் ஷேர் ஆட்டோ என்று மாறி மாறி வந்து சேர்ந்தார். கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டை. விரலில் எறா வாசனை போகவில்லை. என் நெற்றிக் கட்டைப் பார்த்தார். ஏரிக்கரைமேல் ஏறி உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். கீழே படகுத்துறையில் ஹரீஷும் ஷெரினும் எங்களைப் பார்ப்பதும் பார்க்காத மாதிரி நிற்பதுமாக இருந்தார்கள்.

"எறங்குனியா?" என்றார்.

"தட்டுச்சி. எறங்கிட்டேன்."

தலையாட்டினார். "தட்டுனா எறங்கத்தான் தோணும். யாரா இருந்தாலும்."

திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். அப்படிச் சொன்னதும் எனக்குள் இருந்தது எல்லாம் வெடித்துவிட்டது. "தம்பிக்கு நீச்சல் கத்துக்குடுத்தல்ல? எனுக்கு ஏன் கத்துக்குடுக்கல? நான் செத்திருப்பேன் நைனா. எல்லாரும் பாத்துச் சிரிச்சாங்க. மீன்காரன் பொண்ணுக்கு நீச்சல் தெரியாதாம்னு!"

"அவனுக்கு யாரு கத்துக்குடுத்தா? பசங்களோட குதிச்சிக் குதிச்சி அவனே கத்துக்கினான்."

"நீ கத்துக்குடுக்கலயா?"

அவர் சட்டைப் பட்டனைத் திருகினார்.

"எனுக்கே தெரியாதும்மா."

எனக்குப் புரியவில்லை. எது தெரியாது என்று கேட்டேன்.

"நீச்சலு."

எங்கள் ஊரில் முகத்துவாரப் பக்கம் பாடு விழுந்தால் கொண்டாட்டம். கடலும் கழியும் சேரும் இடம், மீன் அதிகம். ஆழமும் அதிகம், இழுப்பும் அதிகம். அந்தப் பாடு நெருங்கும்போதெல்லாம் நைனா சாப்பிட மாட்டார். தட்டைத் தள்ளிவைத்துவிடுவார். அம்மனுக்கு விரதம் என்று அம்மா சொல்வாள். நானும் தம்பியும் நம்பினோம். அம்மனுக்குப் பயந்த மனுஷன் என்று ஊரே மரியாதையாகப் பேசியது. சனிக்கிழமை காலைகளில் எனக்குச் சோறு இறங்காமல் போனதே, அப்போதுகூட எனக்கு இது உறைக்கவில்லை.

"அப்போ முகத்துவாரத்துல..."

"ரெண்டு கையாலயும் படவ கெட்டியா புடிச்சிக்கினு நிப்பேன். வேற இன்னா பண்றது?"

"ஏன் நைனா இத்தினி நாளா சொல்லல?"

வாயிலிருந்து வந்த பிறகுதான் தெரிந்தது. ஹரீஷ் என்னிடம் கேட்ட அதே கேள்வி. அதே குரல்.

நைனா திரும்பி என்னைப் பார்த்தார். "யாரு கேட்டா? சொன்னாதான் யாரு நம்புவா?"

ஒரு கொக்கு பாசிமேல் நடந்து போனது.

பிறகு அவர் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையிறங்கினார். நேராகப் படகுத்துறைக்குப் போனார். "பொட்டிய எடு" என்று எந்த நொடியில் சொல்வாரோ என்று நானும் பின்னால் போனேன்.

"அந்தச் செருப்ப காட்டு" என்றார்.

ஷூவைக் காட்டினேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. முகம் சுருங்கியது. "இதுல காலக் கட்டிக்கினா ஓட்டுற?"

"ஒரே இழுப்புல வந்துரும் நைனா."

"ஒக்காரு. காட்டு."

பயிற்சியாளர் ஐயா எனக்கு ஆரஞ்சு ஜாக்கெட்டை மாட்டிவிட்டார். குட்டைப் படகில் உட்கார்ந்தேன். ஹரீஷ் மண்டிபோட்ட அதே இடத்தில் இப்போது நைனா மண்டிபோட்டார். எறா வாசனை அடிக்கும் விரல்களால் பட்டையை அவரே இழுத்து ஒட்டினார். "உருவு."

உருவினேன். கால் வெளியே வந்தது.

மறுபடி ஒட்டினார். "இன்னொரு தபா."

உருவினேன்.

"கண்ண மூடிக்கினு."

உருவினேன். பின்னால் மற்ற மாணவர்கள் துடுப்புகளோடு காத்துக்கொண்டு நின்றார்கள். ஷெரின் படகை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். யாரும் சிரிக்கவில்லை. அவர் திரும்பத் திரும்பக் கட்டினார், நான் திரும்பத் திரும்ப உருவினேன். எத்தனை தடவை என்று எனக்கு ஞாபகம் இல்லை. வெயில் ஏறிவிட்டது.

கடைசியில் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பக்கத்தில் கட்டியிருந்த இயந்திரப் படகைப் பார்த்தார். ஹரீஷைப் பார்த்தார்.

"தம்பி, இவ போறப்போ நான் அந்தப் படவுல கூட வரலாமா?"

"வாங்க சார். தாராளமா."

"அப்போ எனுக்கும் அந்த மாதிரி ஒண்ணு குடு" என்று என் ஜாக்கெட்டைக் காட்டினார். பிறகு, வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி, என் வாழ்நாளில் அவர் பேசிக் கேட்டிராத சத்தத்தில் சொன்னார்:

"எனுக்கு நீச்சல் தெரியாது."

ஹரீஷ் ஓடிப்போய் எடுத்து வந்தான்.